சுமைதாங்கிக் கல்லில் ஒரு கூஜா

1

பதினெட்டாவது மைலில் டென்னிஸ் தன் தண்ணீர்ப் புட்டியை வாயில் வைத்து நாலு மிடறு குடித்துவிட்டு, அப்படியே என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்ததால் வேண்டாம் என்ற சொல்லே முழுசாக வெளிவரவில்லை. மறுபடி நீட்டினான். மறுபடி தலையை ஆட்டினேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. தன் வாய் பட்டது எனக்கு ஆகாது என்று நினைத்துவிட்டான். இந்த நாட்டில் என் வாய் பட்டது தங்களுக்கு ஆகாது என்று நினைக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதல் தடவையாக நிலைமை தலைகீழாகியிருந்தது. அதை ரசிக்கக்கூடிய நிலையில் நான் இல்லை.

டென்னிஸ் என் அலுவலகத் தோழன். நகரமன்றத்தின் வீட்டுவசதிப் பிரிவில் இருவரும் அடுத்தடுத்த மேஜை. குழாய் ஒழுகுகிறது என்று எழுதுகிறவர்களுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் எழுதுவது என் வேலை. குழாயை அடைப்பது வேறு பிரிவு. இரண்டு பட்டங்களும் சரித்திர ஆசிரியராகச் சில வருட அனுபவமும் இந்த வேலைக்குப் போதுமா என்று ஆரம்பத்தில் ஐயப்பட்டார்கள். பிறகு எப்படியோ சமாதானமானார்கள்.

சென்ற கார்த்திகையில் டென்னிஸுக்கு நாற்பத்தைந்து வயது ஆனது. அந்தத் துக்கத்தில் மாரத்தான் ஓடப்போவதாக அறிவித்தான். தனியாக ஓட வெட்கமாக இருக்கிறது, நீயும் வா என்றான். போனேன். ஞாயிறுதோறும் பனியிலும் மழையிலும் கால்வாய்க் கரையோரம் இரண்டு தொந்திகள் ஓடுவதை இந்த ஊர் வாத்துகள் ஐந்து மாதமாகப் பார்த்து வருகின்றன.

நகரமன்றமே நடத்தும் ஓட்டம் என்பதால் விண்ணப்பம் மூன்று பிரதி. மருத்துவர் சான்று ஒன்று. மயங்கி விழுந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். இதற்கு முன் மாரத்தான் ஓடியிருக்கிறீர்களா, எந்த ஆண்டு, எத்தனையாவதாக வந்தீர்கள் என்று இன்னொரு கட்டம். 'இல்லை, இதுவே முதல் தடவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்தில் இருந்த என் மகள் செல்வி எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயது. தமிழ் புரியும்; பேசினால் நமக்குப் புரிய நேரமாகும். "அப்பா, நீங்க ஓடினதே இல்லையா? ஊரிலே?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

2

ஓடியிருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், அருப்புக்கோட்டையில், ராமலிங்கத்தோடு.

லிங்கம் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தான், பிறகு தறியில் உட்கார்ந்தான். நான் பலசரக்குக் கடை வீட்டுப் பிள்ளை என்பதால் மேலே படித்து, உள்ளூர்ப் பள்ளியிலேயே வாத்தியார் ஆனேன். அந்த வருடம் நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறிகள் சத்தமில்லாமல் கிடந்தன. அப்போது ஊருக்கு வெளியே புதிதாக எழும்பியிருந்த ஒரு நூற்பாலை, தன் ஆண்டு விழாவுக்கு மாரத்தான் ஓட்டம் வைத்தது. முதல் மூன்று பேருக்கு ஆலையில் நிரந்தர வேலை.

"மாரத்தான்னா என்னலே?" என்று லிங்கம் கேட்டான்.

சரித்திர ஆசிரியரிடம் கேட்டால் சும்மா விடுவாரா. கிரேக்க நாட்டில் ஒருவன் போர்ச் செய்தி சொல்ல ஓடிப்போய், சொல்லி முடித்ததும் விழுந்து செத்த கதையை விஸ்தாரமாகச் சொன்னேன்.

லிங்கம் யோசித்தான். "சேதியச் சொல்லிட்டுத்தான செத்தான்? அப்பச் சரி" என்றான். பிறகு, "நீயும் ஓடுலே" என்றான்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் வேலை இருக்கே."

"தனியா ஓடுனா திருடன்னு பிடிச்சிருவாக. வாத்தியாரு கூட ஓடுனா பைத்தியம்னு விட்டுருவாக."

அது உண்மைதான். விடியற்காலையில் திருச்சுழி சாலையில் நாங்கள் ஓடிப்போனால் வழியெல்லாம் ஆட்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் ஒருவன் ஓடமாட்டான். ஓடினால் சாவுச் சேதி. ஒரு கிராமத்து முகப்பில் வெள்ளாடு அவிழ்க்கும் பெரியவர் ஒருவர் தினமும் கேட்பார்: "யாருப்பா செத்தது?"

"இன்னும் இல்ல தாத்தா" என்பான் லிங்கம், நிற்காமலேயே.

நான் கித்தான் காலணி, அவன் வெறுங்கால். தறிக்குழியில் இருந்து மிதித்து மிதித்து உரம் ஏறிய கால்கள் அவனுக்கு. எனக்கு வகுப்பறையில் நின்ற கால்கள். ஒரு நாள்கூட நான் அவனை முந்தியதில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை என்று அவனிடம் அடிக்கடி சொல்வேன். அடிக்கடி சொன்னதிலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நெடுஞ்சாலைத் துறை அப்போதுதான் மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டுக்கொண்டிருந்தது. பந்தல்குடிப் பக்கம் புதுக் கல், திருச்சுழிப் பக்கம் பழைய கல். இது தெரியாமல் ஒரு நாள் தூத்துக்குடி சாலையில் இருபத்தாறு கல் எண்ணி ஓடி முடித்து, மாரத்தானை வென்றுவிட்டோம் என்று பந்தல்குடி லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் ஆளுக்கு எட்டு இட்லி தின்றோம். கடைக்காரர்தான் சொன்னார். ஓடியது பதினாறு மைல். லிங்கம் ஒன்பதாவது இட்லியைத் திருப்பிக் கொடுத்தான்.

3

பங்குனி பிறந்ததும் ஊரிலிருந்து தம்பியின் வான்கடிதம் வந்தது. தம்பிதான் இப்போது கடையைப் பார்க்கிறான். அவன் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு. நலம். மழை இல்லை. கடை பரவாயில்லை. இந்த முறை நாலாவது சேதி ஒன்று இருந்தது.

'கண்டக்டர் சங்கையா மகளுக்குப் பேசிய இடம் மறுபடி தட்டிப்போச்சு. இது மூணாவது. மண்ணு விழுந்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாக. பங்குனி கழிச்சு எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு இடம் வருது. அவுகளும் காமாட்சியை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் முடிவு சொல்வாகளாம். காமாட்சி வாயே திறக்க மாட்டேங்குது. பாவம், சங்கையா அண்ணன் ஆளே பாதியாப் போயிட்டாரு.'

காமாட்சி லிங்கத்தின் மனைவி. சங்கையா திருச்சுழி பஸ்ஸின் கண்டக்டர். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் அந்த மாரத்தானில் லிங்கம் தண்ணீர் இல்லாமல் ஓடி விழுந்து செத்தான். அவனுக்காகக் காமாட்சி கொடுத்தனுப்பிய தண்ணீரை வழியில் வைக்கச் சங்கையா மறந்துவிட்டார் என்பது ஊர் அறிந்த கதை. காமாட்சி அவர் குடும்பம் விளங்கக்கூடாது என்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்த மண்தான் மூன்று இடத்தைத் தட்டிவிட்டிருக்கிறது.

சங்கையா மறக்கவில்லை. வைத்தார். இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் சங்கையா. அவர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இன்னொருவன் இங்கே குளிர் நாட்டில் உட்கார்ந்து, உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஊராருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடப் போனேன். அன்றுதான் டென்னிஸ் புட்டியை நீட்டினான்.

4

எங்கள் ஓட்டத்துக்கு ஆலை குறித்த நாள் பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால். அம்மன் கோயிலில் அதற்குள் காப்புக் கட்டியாயிற்று. லிங்கம் கையிலும் மஞ்சள் கயிறு. காமாட்சிக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் கலைந்து, மூன்றாவது ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் போதும் என்று அவன் அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தான்.

காப்புக் கட்டினால் அவர்கள் வீட்டில் மூன்று கட்டுப்பாடு. ஒரு வேளைச் சாப்பாடு. விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். தன் வீட்டுத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் வாயில் படக்கூடாது. எச்சில் பட்டதைக் காப்புக் கையால் தொடவே கூடாது.

"ஓட்டத்த விட்டுருலே" என்றேன்.

"வேலை வேணும்ல."

"அப்பக் காப்ப அவுத்துரு."

"பிள்ள வேணும்ல" என்றான். சொல்லிவிட்டு என்னை ஆறுதல்படுத்தத் தொடங்கினான். "காலையில ஆறு மணிக்கு விட்டா பத்துக்குள்ள வந்துருவோம். விளக்கு வைக்க எம்புட்டு நேரம் கெடக்கு? தண்ணிக்கு மட்டும் ஒரு வழி பண்ணணும்."

அந்த வழியைக் கண்டுபிடித்தவன் நான். போகிற வழிக்குத் தண்ணீர் வேண்டாம், வீட்டில் குடித்துவிட்டுக் கிளம்பலாம். திருச்சுழியைத் தாண்டி மூன்று மைல் போய்த் திரும்புகிறோம். திரும்பும் வழியில் பதினேழாவது மைலில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. தலைச்சுமையை இறக்கி வைக்கிற கல். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன யாரோ ஒருத்தி நினைவாக நட்டது. சாலையை விட்டு ஒதுங்கி உடைமரங்களுக்குள் நிற்பதால், தேடிப் போகிறவர் கண்ணுக்குத்தான் படும். காலை பஸ்ஸில் சங்கையா அண்ணனிடம் கூஜாவைக் கொடுத்துவிட்டால் அவர் கல்மேல் வைத்துவிட்டுப் போவார்.

காமாட்சி கூஜாவில் தண்ணீர் நிறைத்து, மூடியைத் திருகி, மஞ்சள் துணி சுற்றி, வேப்பிலை செருகினாள். எங்கள் பக்கத்தில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் உள்ள பொருளைத் திருடன்கூடத் தொடமாட்டான்.

"அண்ணே, கூடவே போறீகள்ல? பாத்துக்கிடுங்க" என்றாள்.

"நானே பக்கத்துல நின்னு குடிக்க வைக்கிறேன் தங்கச்சி" என்றேன்.

காலை ஆறு மணிக்கு நாற்பது பேர் அரைக்கால் சட்டையோடு ஆலை வாசலில் நின்றோம். கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. ஏழு ஆயிற்று. சங்கையாவின் பஸ் எங்களைக் கடந்து போனது. அவர் சன்னல் வழியாகக் கூஜாவைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எட்டு ஆயிற்று. ஒலிபெருக்கியில் வரவேற்றுக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதுக்கு எல்லாருக்கும் சர்பத் கொடுத்தார்கள். லிங்கம் வாங்கவில்லை. பத்தரைக்கு கார் வந்தது. பெரிய மனிதர் உடலுறுதி பற்றி இருபது நிமிடம் பேசினார். பிறகு எங்களை வெயிலுக்குள் அவிழ்த்து விட்டார்கள்.

5

பங்குனி உச்சி வெயிலில் திருச்சுழி சாலையைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்ல முடியாது. கரிசல் வெடித்துக் கிடக்கும். பருத்திச் செடி பிடுங்கிய காட்டில் நிழல் என்று ஒன்று இருந்தால் அது நம்முடையதுதான், அதுவும் காலடியில் சுருண்டுவிடும். பாதிப் பேர் திருச்சுழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். சாலையில் குடியிருந்த சனங்கள் குடத்தோடு நின்று ஓடுகிறவர்களுக்கு ஊற்றினார்கள். லிங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தாண்டினான். திரும்பும்போதுதான் தேவைப்படும் என்று, போகும்போது கூஜாப் பக்கமும் ஒதுங்கவில்லை.

திரும்பும் வழியில் அவன் நடை தளர்ந்தது. ஐந்து நாள் ஒரு வேளைச் சாப்பாடு. நான் அவனை முந்தினேன்.

முந்தினேன் என்று எழுதும்போது இன்றைக்கும் நெஞ்சில் சின்னதாக ஒரு சந்தோஷம் அசைகிறது. அதையும் எழுதிவிடுகிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக லிங்கத்துக்கு முன்னால் ஓடினேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவன் இருநூறு கெஜம் பின்னால் வந்தான். குடம் வைத்திருந்தவர்களிடம் நிற்காமல் வந்தேன். நின்றால் அவன் பிடித்துவிடுவான்.

சுமைதாங்கிக் கல்லில் மஞ்சள் துணி தெரிந்தது. நூறு அடி தள்ளி வயலுக்குள் ஒரு கமலைக் கிணறு இருந்தது. அது எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் குளித்த கிணறு. அங்கே போய்க் குடித்துத் திரும்பினால் அவன் முந்திவிடுவான். ஆறு மணி நேரம் வெயிலில் இருந்த கூஜா கையைச் சுட்டது. மூடியில் ஊற்றிக் குடிக்கத்தான் திருகினேன். மூடி கை நழுவிப் புழுதியில் விழுந்தது. அண்ணாந்து ஊற்றப் பொறுமை இல்லை. வாயை வைத்தேன்.

லிங்கம் வந்து நின்றபோது கூஜா என் கையில் இருந்தது.

"இருக்காலே?" என்றான். உதடு வெடித்திருந்தது.

"இருக்கு."

கை நீட்டினான். அப்போதுதான் அதைச் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரும் கேட்காமலே நான் சொன்ன உண்மைகள் குறைவு. அதில் இது ஒன்று.

"லிங்கம், நான் வாய் வச்சுட்டேன்."

நீட்டிய கையை அவன் மடக்கினான். கோபப்படவில்லை. "எம்புட்டுக் குடிச்ச?" என்றான்.

"பாதி இருக்கும்."

"மிச்சத்தையும் குடிச்சிரு. சுமந்துக்கிட்டு ஓடாத."

"தலையிலயாவது ஊத்திக்கலே. அம்மன் ஒண்ணும் பாக்காது."

"காப்புக் கையில எச்சத் தண்ணி படக்கூடாது. வயித்துல பிள்ள இருக்குலே" என்றான். பிறகு, "எனக்கு முன்னால எத்தன பேரு போயிருக்கான்?" என்று கேட்டான்.

"என்னைச் சேத்தா மூணு."

"நீ நில்லு" என்றான். ஓடினான்.

நான் நின்றேன். கூஜாவை உடைமரப் புதருக்குள் வீசினேன். வெட்கத்தில் வீசினேனா, சுமக்க வேண்டாம் என்று வீசினேனா என்று பதினான்கு வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறேன், தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. வயிற்றில் தண்ணீர் குலுங்க மெதுவாக அவன் பின்னால் ஓடினேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு சாலை ஓரத்தில் அவன் குப்புறக் கிடந்தான். மூன்றாவது இடத்தில் கிடந்தான்.

பருத்தி லோடு ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் வாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பல் கிட்டியிருந்தது. இறங்கவில்லை. அவனைப் பொதிகளின் மேல் கிடத்தி ஊருக்குள் கொண்டுவந்தோம். பொழுது இறங்கியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவர், "வெளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துட்டான்பா" என்றார், மெச்சுதலாகவே.

6

செத்தது நாலரை மணிக்கு. காப்பை அறுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்றார்கள். முடிச்சு இறுகியிருந்தது. பிளேடு கொண்டு நான்தான் அறுத்தேன்.

காமாட்சி அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, தண்ணி குடிச்சாரா?"

"இல்லம்மா."

அது உண்மை.

"கூஜா இருந்துச்சா?"

"பாக்கலம்மா" என்றேன்.

ஒரு சொல். சரித்திரத்தில் இதைவிட நீளமான பொய்களை எல்லாம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். எதுவும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

சங்கையா டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு ஓடி வந்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டது. அவர் எல்லாரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வச்சேன்ல வாத்தியாரே. சுமதாங்கி மேல வச்சேன்ல. நீங்க முன்னால ஓடி வந்தீகளாமே, பாத்திருப்பீகளே."

"வெயில்ல கண்ணே தெரியலண்ணே" என்றேன்.

சில பேர் போய்க் கல்லைப் பார்த்து வந்தார்கள். கல்மேல் ஒன்றுமில்லை. புதருக்குள் யாரும் பார்க்கவில்லை. எதற்காகப் பார்க்கப் போகிறார்கள்? மஞ்சள் துணி சுற்றியதை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே அது வைக்கப்படவே இல்லை, பஸ்ஸிலேயே மறந்து தொலைத்திருக்கிறார். எங்கள் ஊர்ச் சனங்கள் தர்க்கத்தில் குறைந்தவர்கள் அல்ல.

மறுவாரம் பஸ் நிலையத்தில் காமாட்சி திருச்சுழி பஸ்ஸை மறித்தாள். பாரத்தோடு குனிந்து, இரண்டு கையாலும் மண் எடுத்துச் சங்கையாவின் மேல் தூற்றினாள். "தண்ணிக்குத் தவிச்சுச் செத்தாரே. உன் வீடு தவிக்கட்டும். உன் பிள்ளைக வாசல்ல ஒரு நல்லது நடக்காம போகட்டும்." நான் டீக்கடையில் நின்று பார்த்தேன். சங்கையா கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அந்த வருடமே அவர் வீட்டுப் பசு செத்தது. பொய்ச் சத்தியம் என்று முடிவாயிற்று. பிறகு அந்த வீட்டில் கூரை ஒழுகினாலும் காரணம் ஊருக்குத் தெரிந்திருந்தது.

லிங்கத்துக்குப் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆலை பெரிய மனது பண்ணி ஒரு நிரந்தர வேலை கொடுத்தது, காமாட்சிக்கு. கழிவுப் பஞ்சு கூட்டுகிற வேலை. எனக்கு விலாயத்துக்கு வேலை வவுச்சர், அதாவது அங்கே போய் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு, வந்தது. ஆடியில் கப்பல் ஏறினேன். நண்பன் சாவைத் தாங்க முடியாமல் வாத்தியார் ஊரைவிட்டே போய்விட்டார் என்று சொன்னார்களாம். தம்பி எழுதியிருந்தான்.

7

பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. முதலில் விடுமுறை கிடைக்கவில்லை. பிறகு குடியுரிமைத் தாள்கள். பிறகு மகள் பள்ளிக்கூடம். அரசாங்கங்கள் எனக்குக் கொடுத்த படிவங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இங்கே குழாயைத் திருகினால் வருகிற தண்ணீரைப் பார்த்து முதல் வருடம் வியந்தேன். அதற்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

டென்னிஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் தேநீர் இடைவேளையில், புட்டியை வாங்காததற்குக் காரணம் அவன் அல்ல என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காப்பு, எச்சில், மண் எதுவும் அவனுக்கு முழுசாக விளங்கியிருக்காது. ஆனால் பஸ் கண்டக்டர் விளங்கினார். அவன் அப்பாவும் பஸ் கண்டக்டராம். அந்த மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்டான். இருக்கிறார் என்றேன். அப்படியானால் எதற்கு என்னிடம் சொல்கிறாய் என்று கேட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனான்.

அன்றே காமாட்சிக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதம் ஒன்பது பக்கம் வந்தது. விதி, வெயில், இளமை, மனித மனத்தின் பலவீனம் எல்லாம் இருந்தன. கூஜா ஆறாவது பக்கத்தில் வந்தது. கிழித்தேன். அடுத்தது நாலு பக்கம். அதில் கொடியசைக்கத் தாமதமாக வந்த பெரிய மனிதரை நன்றாகத் தாக்கியிருந்தேன். அதையும் கிழித்தேன். நடுவில் ஒன்று நினைவுக்கு வந்து பேனா நின்றது. காமாட்சிக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டப்போவது லிங்கத்தின் மகள்.

செல்வி அறை வாசலில் வந்து நின்றாள். "யாருக்கு அப்பா இவ்வளவு தாள்?"

"என் சிநேகிதன் வீட்டுக்கு."

"அவரும் ஓடுவாரா?"

"ஓடுவான். என்னைவிட நல்லா ஓடுவான். நானும் ஓடியிருக்கேம்மா. அன்னைக்கு உன்கிட்ட இல்லைன்னு சொன்னது பொய்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான். அப்பாவின் சொந்த விஷயம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கடைசியில் போனது நாலு வரி. கூஜா கல்மேல் இருந்தது. சங்கையா வைத்திருந்தார். நான் முதலில் போய் வாய் வைத்துக் குடித்தேன், லிங்கம் அதனால் குடிக்கவில்லை. கூஜாவைப் புதரில் எறிந்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னேன். கீழே என் முழுப் பெயர். இதையே இன்னொரு தாளில் எழுதிச் சங்கையாவுக்கும், வேண்டியவர்களிடம் காட்டச் சொல்லித் தம்பிக்கும் அனுப்பினேன். பதிவுத் தபாலில்.

8

சித்திரைக் கடைசியில் மாரத்தான் நடந்தது. சரியாகச் சொன்ன மணிக்குக் கொடி அசைந்தது. மேஜை போட்டு மைலுக்கு மைல் தண்ணீர் கொடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடினேன், கடைசியிலிருந்து மூன்றாவது. நான் போய்ச் சேர்ந்தபோது மேஜைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். முட்டி வீங்கி மூன்று நாள் விடுப்பு. டென்னிஸ் எனக்காக முடிவுக் கோட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்தான். சொன்னாயா என்று கேட்டான். எழுதிவிட்டேன் என்றேன். இதைவிடப் பெரிதாக அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அதற்கடுத்த வாரம் தம்பி கடிதம் வந்தது. இதில் மழை இல்லை என்பதுகூட இல்லை.

'அண்ணே, நீங்க எழுதுனது எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. காமாட்சி மகள் படிச்சுக் காட்டுச்சாம். ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுச்சாம். சாயங்காலம் மில்லுல இருந்து நேரா சங்கையா அண்ணன் வீட்டுக்குப் போய், அவுக சம்சாரத்துக்கிட்ட ஒரு செம்பு தண்ணி வாங்கி அங்கயே நின்னு குடிச்சுட்டு வந்துருச்சு. வேற ஒண்ணும் பேசலையாம். சங்கையா அண்ணன் அழுதுட்டாரு. ரெட்டியபட்டிக்காரக அன்னைக்கே பூ வச்சுட்டாக.

மறுநாள் நம்ம கடைக்கு வந்துச்சு. எங்க அண்ணன் மேல என்னம்மா சொல்றீகன்னு நானாக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 'எச்சத் தண்ணிய எச்சின்னு சொல்லாம இருந்திருந்தா, அவரு குடிச்சுட்டு வீடு வந்திருப்பாரு. பாவம் வந்தா என் பிள்ளையும் நானும் பாத்துக்கிட்டிருப்போம். சொல்ல வேண்டாத எடத்துல சொன்னாக. சொல்ல வேண்டிய எடத்துல பதினாலு வருசம் சொல்லல. இப்ப என்ன கேக்க?' அப்படின்னுச்சு. உப்பு வாங்கிட்டுப் போயிருச்சு.

ரெண்டு நாளா நம்ம கடைக்கு நெசவுத் தெரு ஆளுக யாரும் வரல. நீங்க வர்ற வருசம் டிக்கெட் போடுறேன்னு எழுதியிருந்தீக. கொஞ்ச நாள் போகட்டும்ணே.'

வைகாசி கடைசியில், மஞ்சள் தடவிய உறை ஒன்று வந்தது. விலாசம் சங்கையாவின் கையெழுத்து. டிக்கெட்டில் பென்சிலால் எழுதி எழுதிப் பழகிய சின்ன எழுத்து. உள்ளே அவர் மகள் கல்யாணப் பத்திரிகை. கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று உறையைத் தட்டிப் பார்த்தேன். இல்லை. தங்கள் வரவை விரும்பும் பெயர்களின் வரிசையில் கடைசியாகக் காமாட்சி ராமலிங்கம் என்று அச்சடித்திருந்தது. புருஷன் இல்லாதவளின் பெயரை நல்ல காரியத்துக்கு எங்கள் பக்கம் அச்சில் போடமாட்டார்கள். போட்டிருந்தார்கள்.

என்னையும் கூப்பிட்டுவிட்டாரே என்று ஒரு நிமிடம் கண் கலங்கியது. செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் படித்து, கல்யாணம் என்றைக்கு என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பத்திரிகை வர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன்.

அருப்புக்கோட்டை முத்திரை தெளிவாகவே விழுந்திருந்தது. சனிக்கிழமை. கல்யாணத்துக்கு மறுநாள்.